1971 ஃபியட், ஆர்.சி. இன்னும் தாத்தா பேரில்: ரோட்டுக்குக் கொண்டுவர வழி இருக்கா?

கேள்வி: 11 ஜூன் 2025

கோபி பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் தாத்தாவோட ஃபியட் 1100 டிலைட் நிக்குது. 1971-ல் புதுசா வாங்கினது. தாத்தா 2008-ல் இறந்துட்டார். வண்டி கடைசியா ஓடினது 1994-லயோ 95-லயோ. ஆர்.சி. புக் இருக்கு, ஒரு மூலையைக் கரையான் தின்னிருக்கு. அதில் சேசிஸ் நம்பரில் ஓர் இலக்கம் 3-ஆ 8-ஆ தெரியலை. கோயமுத்தூர்ப் பட்டறை ஒன்றில் டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் சொல்றாங்க. ஒரு புரோக்கர் அறுபதாயிரம் கேக்கறார், "வண்டியைக்கூடக் கொண்டுவர வேண்டாம், புக்கை மட்டும் குடுங்க" என்கிறார். எதை முதலில் செய்யறது?

11 ஜூன், இரவு 10.40

பட்டறைக்கு அனுப்பாதே தம்பி. புரோக்கரிடம் புக்கையும் கொடுக்காதே. முதல் செலவு ஒரு பென்சில்.

பானெட்டைத் திற. எஞ்சினுக்கும் உள்ளே கால் வைக்கிற இடத்துக்கும் நடுவில் நிற்கிற தகட்டில் நம்பர் குத்தியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடை. உப்புத்தாள், கம்பி பிரஷ் எதுவும் அந்தப் பக்கமே போகக்கூடாது. மெல்லிய வெள்ளைத்தாளை மேலே ஒட்டி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய். சின்ன வயசில் காசு வைத்துத் தேய்ப்போமே, அதேதான். ஆர்.டி.ஓ. ஆபீசில் இதைத்தான் பென்சில் பிரிண்ட் என்று கேட்பார்கள்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். 2009-ல் பொள்ளாச்சித் தேங்காய் மண்டிக்காரர் ஒருவரிடம் 1976 பிரீமியர் பத்மினி கார் ஒன்றைப் 18,000-க்கு வாங்கினேன். வாங்கின வாரமே பட்டறையில் விட்டேன். பெயிண்ட் எல்லாம் முடிந்து, கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வி: "நம்பர் எங்கீங்க?"

டிங்கர் அந்தத் தகடு துருப்பிடித்திருக்கிறது என்று வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்திருந்தார். ரொம்ப நேர்த்தியான வேலை. பற்றவைப்புக்கூடத் தெரியவில்லை.

12 ஜூன், காலை

வீட்டில் திருத்தம் சொல்கிறார்கள்: 18,000 இல்லை, 16,500. மீதி 1,500 கயிறு கட்டி இழுத்துவந்த டிராக்டருக்கு. சரி.

ஒன்று விட்டுப்போச்சு. துடைக்கும் முன்னால் இருக்கிற நிலையிலேயே போட்டோ எடு. நம்பர் மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று, வண்டியோடு சேர்த்து அந்த இடம் தெரிகிற மாதிரி ஒன்று. தேதி விழட்டும். எனக்கு அப்படி ஒரு போட்டோ இருந்திருந்தால் 14 மாதம் மிச்சமாகியிருக்கும்.

15 ஜூன்

"வெட்டின தகடு என்னாச்சு?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன்.

மறுநாள் பட்டறைக்கு ஓடினேன். டிங்கர் கையை விரித்தார்: "பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்ணா, எட்டு மாசம் ஆச்சு." உக்கடத்தில் கடை கடையாகத் தேடினால் கிடைக்குமா? உட்கார்ந்துவிட்டேன். டீ வாங்கிவந்த பையன்தான் சொன்னான், "அண்ணா, தண்ணி டிரம்மு மேல ஒரு தகடு கெடக்குது, பாருங்க." அதேதான். எட்டு மாதமாக என் வண்டியின் ஜாதகம் பட்டறைத் தண்ணீர் டிரம்முக்கு மூடியாக இருந்திருக்கிறது. நம்பர் அப்படியே இருந்தது.

நான் செய்யப்பார்த்த அடுத்த முட்டாள்தனம், அதை அப்படியே எடுத்துப்போய்ப் பழைய இடத்தில் பற்றவைக்கச் சொன்னது. நல்லவேளை, டிங்கர் மறுத்துவிட்டார். திருட்டு வண்டிக்காரன் செய்வதும் இதேதான்: செத்த வண்டியின் நம்பர்த் தகட்டை வெட்டி உயிருள்ள வண்டியில் வைப்பது. பற்றவைத்த தழும்பைப் பார்த்தால் எந்த அதிகாரியும் நல்ல காரணத்தை யோசிக்க மாட்டார்.

தகட்டைத் துணியில் சுற்றி நேரே ஆபீசுக்குக் கொண்டுபோனேன். எழுத்தில் மனு, பட்டறைக்காரரின் நோட்டரி வாக்குமூலம், போலீசிடமிருந்து இந்த எண் திருட்டு வண்டிப் பட்டியலில் இல்லை என்ற சான்று, பழைய பதிவேட்டின் நகல் எல்லாம் கேட்டார்கள். ஆய்வாளர் மூன்று தடவை வந்து பார்த்தார். அவர் முன்னிலையில் தகடு மறுபடி உட்கார்ந்தபோது நான் பெயிண்டுக்குக் கொடுத்த 70,000-இல் பாதி மங்கியிருந்தது.

15 ஜூன், கொஞ்சம் கழித்து

இது ஃபியட், அம்பாசடர் மாதிரி வண்டிகளுக்குத்தான் இவ்வளவு கஷ்டம். இவற்றில் தனிச் சட்டம், அதாவது சேசிஸ் ஃபிரேம், கிடையாது. உடம்பே எலும்பு. உடம்பை மாற்றினால் வண்டியே மாறிவிட்டது என்று அர்த்தம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு அப்படி இல்லை. வண்டலூர் பக்கம் தயாரான வண்டி. அடியில் தனிச் சட்டம், மேலே உடம்பை போல்ட் போட்டு உட்காரவைத்திருப்பார்கள். நாலு பேர் சேர்ந்தால் கூண்டைக் கழற்றித் தூக்கிவிடலாம். ஜீப்பும் அதே ரகம். பழைய வண்டியைத் திரும்பக் கட்டுகிறவர்களுக்கு ஜீப் பிடிப்பதற்கும், வில்லங்கம் ஜீப்பிலேயே அதிகம் வருவதற்கும் காரணம் ஒன்றே: சட்டம் ஒரு வண்டி, கூண்டு ஒரு வண்டி, எஞ்சின் ஒரு வண்டி, புக் நாலாவது வண்டி.

19 ஜூன்

தம்பி பென்சில் பிரிண்ட் எடுக்கப் போனானாம், பானெட் திறக்கவில்லையாம். கேபிள் இறுகியிருக்கும். இழுத்து அறுத்துவிடாதே. மெக்கானிக்கைக் கூப்பிடு.

அதற்குள் காகித வேலை. வண்டி தாத்தா பேரில் இருக்கிறது, தாத்தா இல்லை. இதற்குப் படிவம் 31. உரிமையாளர் இறந்தால் 30 நாளில் ஆபீசுக்குத் தகவல் சொல்லணும், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கணும் என்பது விதி. நீ 17 வருடம் தாமதம். பரவாயில்லை, உன்னை மாதிரி ஊருக்குப் பத்துப் பேர்.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். இங்கேதான் எல்லாரும் மாட்டுகிறார்கள். தாத்தாவின் வாரிசு நீ இல்லை. உன் அப்பா, பெரியப்பா, அத்தைகள். அவர்களில் யாராவது போய்விட்டிருந்தால் அவர்கள் வாரிசுச் சான்றும் வேணும். நிலத்துக்கு வாரிசுச் சான்று ஏற்கெனவே வாங்கியிருப்பீர்கள், பீரோவில் தேடு. கையெழுத்துக் கேட்கப் போகும்போது "பழைய டப்பா வண்டிதான்" என்று சொல்லிப் போகாதே. நாளைக்கு நீ பெயிண்ட் அடித்துக் கல்யாணத்துக்கு ஓட்டி வரும்போது அத்தை மகன் பங்கு கேட்பான். என்ன செய்யப்போகிறாய் என்று உள்ளதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கு.

மலேசியாவில் ஓர் அத்தை இருப்பதாகச் சொன்னாய். அங்கே இருக்கிற நம் தூதரகத்தில் சான்றொப்பம் போட்டு அனுப்பச் சொல். வாட்ஸாப்பில் வந்த போட்டோவை ஏற்கமாட்டார்கள்.

19 ஜூன், இரவு

அந்த 3, 8 விவகாரம். கரையான் தின்றது உன் கையில் இருக்கிற புக்கை மட்டும். ஆபீசிலும் ஒரு பதிவேடு இருக்கிறது, படிவம் 24. பேச்சுவழக்கில் பி ரிஜிஸ்டர். அதன் நகல் கேட்டால் தருவார்கள்.

எந்த ஆபீஸ் என்பதுதான் கேள்வி. 1971-ல் ஈரோடு மாவட்டமே கிடையாது. கோபி அப்போது கோயமுத்தூர் மாவட்டம். 1979-ல்தான் ஈரோடு பிரிந்தது. ஆகவே உன் வண்டியின் பிறப்புப் பதிவு கோயமுத்தூரில். பிறகு தாத்தா வரி கட்டினது, எஃப்.சி. காட்டினது எல்லாம் வேறு ஆபீசாக இருக்கலாம். புக்கின் பின்பக்கங்களில் உள்ள ரப்பர் ஸ்டாம்புகளைத் தேதிவாரியாக எழுதிக்கொண்டு வா. கடைசி ஸ்டாம்பு எந்த ஆபீசோ அங்கிருந்து பின்னோக்கிப் போகணும்.

திருப்பூர்க்காரர்களுக்கும் இதே கதை. அந்த மாவட்டம் வந்தது 2009-ல்.

20 ஜூன்

கவுண்டரில் "அந்தக் காலத்து லெட்ஜர் எல்லாம் இல்லைங்க" என்று சொன்னால் சண்டை போடாதே. வெளியே வந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுது. பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் வந்தாகணும். எனக்கு வாயால் "இல்லை" என்று சொன்ன லெட்ஜர், மனு போட்ட பிறகு இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. மேல் அலமாரியில் ஏறிப் பார்க்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

2 ஜூலை

ஈரோட்டிலிருந்து ஒருவர்: பத்மினிக்குள் டீசல் எஞ்சின் வைத்திருக்கிறார், முந்தைய ஓனர் செய்தது, "எஞ்சின் மாறினால் ஒன்றும் ஆகாது இல்லீங்களா?"

ஒன்றும் ஆகாது. எஞ்சின் தேய்கிற பொருள். சேசிஸ் நம்பர் சரியாக இருந்தால் எஞ்சினை எழுதிக்கொள்ளலாம்.

6 ஜூலை

மேலே எழுதியது தப்பு. நாலு நாள் யாரும் திருத்தவில்லையே, படிக்கிறீர்களா இல்லையா?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. கம்பெனி முதலில் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் கேரள வழக்கு ஒன்றில் இதை இன்னும் இறுக்கிப் பிடித்தது. அதே வருடச் சட்டத் திருத்தத்தில், இப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். "ஒவ்வொரு" என்பதைக் கவனியுங்கள். அகலச் சக்கரம், வெட்டின கூரை, வேற எஞ்சின் என்று ஜீப்காரர்கள் தனித்தனியாகக் கூட்டிப் பார்க்கலாம்.

எரிவாயு, பேட்டரி மாதிரி வேறு எரிபொருளுக்கு அனுமதி பெற்ற கிட் மாட்டினால் அதற்கு வழி உண்டு. மாட்டி, ஆபீசில் காட்டி, ஆர்.சி.யில் எழுதிக்கொள்ளணும். பெட்ரோல் வண்டியில் யாரோ பழைய வேன் எஞ்சினைத் தூக்கி வைத்து, புக்கில் "பெட்ரோல்" என்றே ஓட்டுவது அந்த வழி இல்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதே இதைத்தான்.

அதே ரகம், அதே சக்தி எஞ்சின் என்றால் நிலைமை கொஞ்சம் மேல். என் பத்மினிக்கு அதே 1089 சி.சி. எஞ்சின் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தது. ஆனால் ஆபீசில் பில் மட்டும் போதவில்லை. அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து இறங்கியது, அந்த வண்டிக்கு என்ன ஆச்சு என்று காகிதம் கேட்டார்கள். கடைக்காரர் சிரித்தார். "சார், இங்க வர்றதுக்கு எல்லாம் ஒரே அம்மா அப்பாதான்" என்றார். அந்த எஞ்சினை விட்டுவிட்டு, என் வண்டியின் பழைய பிளாக்கையே போர் அடித்து (சிலிண்டரைக் குடைந்து) ஸ்லீவ், அதாவது உள்ளுறை போட்டுக் கட்டினேன். செலவு இரண்டு மடங்கு. புக்கில் ஒரு வரி மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஈரோட்டுக்காரரே, உங்கள் பழைய எஞ்சின் முந்தைய ஓனர் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப்பாருங்கள். இருக்கும். யாரும் அதைத் தூக்கி எறிந்திருக்க மாட்டார்கள், அவ்வளவு கனம்.

14 ஜூலை

அந்தப் புரோக்கரை மறந்தே போனேன்.

"வண்டியைக் கொண்டுவர வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு உன் வண்டி தேவையில்லை என்று அர்த்தம். உன் புக்தான் தேவை. உடைத்துப்போட்ட வண்டிகளின் ஆர்.சி.க்கு ஒரு சந்தை இருக்கிறது. வண்டி அழிந்துபோனால் 14 நாளுக்குள் பதிவு ஆபீசில் சொல்லி ஆர்.சி.யை ஒப்படைக்கணும் என்று பிரிவு 55 சொல்கிறது. யார் செய்கிறார்கள்? வண்டி கிலோ கணக்கில் போகும், புக் பீரோவில் தூங்கும். பிறகு ஒரு நாள் அந்த எண்ணில் எங்கேயோ ஒரு வண்டி ஓடும்.

நல்ல ஏஜென்ட்களும் இருக்கிறார்கள். என் வேலையின் கடைசிப் பகுதியை ஒருவர்தான் முடித்துக்கொடுத்தார், 3,500 வாங்கினார், வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். வித்தியாசம் எளிது: அவர் முதல் நாளே "வண்டி எங்கீங்க நிக்குது, பார்க்கணுமே" என்றார்.

14 ஜூலை, இரவு

பெயர் மாற்றாமல் படிவம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு: வாங்கினவருக்கு மட்டுமில்லை, விற்றவருக்கும் கத்தி. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து நஷ்டஈடும் அவர் தலையில். என் பத்மினியின் முதல் ஓனர் உடுமலைப் பக்கத்து எஸ்டேட்காரர், நான் போய்க் கதவைத் தட்டினபோது 84 வயசு. வண்டியை விற்று இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அவர் பேரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடேயப்பா, இத்தனை நாளா நான்தான் ஓட்டிட்டு இருந்தனா?" என்றார்.

3 ஆகஸ்ட்

தம்பி புதுசாக ஒன்று கேட்கிறான்: 50 வயசு தாண்டின வண்டிதானே, விண்டேஜ் நம்பர் வாங்கிவிட்டால் என்ன?

2021 ஜூலையில் வந்த விதி. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இரண்டு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்கு. உடம்பு, சட்டம், எஞ்சின் பெரிதாக மாற்றாமல் அசலாக இருக்கணும். புதுப் பதிவுக்கு 20,000, பத்து வருடம் செல்லும், அப்புறம் மறுபதிவுக்கு 5,000. எண்ணில் மாநில எழுத்துக்குப் பின்னால் வி.ஏ. என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் தினம் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். தாத்தா வண்டியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய் மாடு பார்த்துவிட்டு வரணும் என்றாய். அது எந்தக் கண்காட்சியில் சேர்த்தி? வேண்டாம். சாதாரணப் புதுப்பிப்புப் போதும், படிவம் 25, கார் என்றால் 5,000 ரூபாய், ஐந்து வருடம். தாமதத்துக்கு மாதம் 500 தனி. பசுமை வரி தனி.

14 ஆகஸ்ட்

டெல்லி வண்டி கேட்பவர்கள் இந்த வாரம் கூடிவிட்டார்கள். அங்கே 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்குத் தடை என்பதால் மலிவாக வரும். வயசை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் 12-இல் சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவு ஒன்று போட்டது. எப்படியானாலும் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) இல்லாத வண்டியை லாரியில் ஏற்றாதே. அங்கிருந்து படிவம் 28-இல் என்.ஓ.சி., இங்கே வந்து வரி, இங்கே எண். 12 மாதத்துக்கு மேல் வெளி மாநில எண்ணிலேயே வைத்திருக்க முடியாது.

24 ஆகஸ்ட்

ஆகஸ்ட் 3-இல் சாதாரணப் புதுப்பிப்புக்கு எழுதின 5,000-ஐ அடித்துவிடுங்கள். 20-ஆம் தேதியிட்ட மத்திய அறிவிப்பு: 20 வயசு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000. பைக்குக்கு 2,000. வெளிநாட்டிலிருந்து இறக்கின கார் என்றால் 80,000. 2022 ஏப்ரலுக்கு முன் சாதாரணக் காருக்கு வெறும் 600 ரூபாய் இருந்தது, அதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது கணக்குப் போட்டேன். சாதாரணப் பதிவில் பத்து வருடத்துக்கு இரண்டு தடவை, 20,000. விண்டேஜிலும் பத்து வருடத்துக்கு 20,000. ஒன்றே! அடுத்த பத்து வருடத்தில் விண்டேஜ்காரனுக்கு 5,000, நமக்கு மறுபடி 20,000. மூன்று வாரத்துக்கு முன் நான் விண்டேஜைக் கிண்டல் செய்ததற்குக் கை கொஞ்சம் உறுத்துகிறது. வருடத்தில் நாலு தடவை எடுக்கிற வண்டி என்றால் யோசிக்கலாம். சந்தைக்குப் போகிற வண்டி என்றால் இன்னும் அதே பதில்தான்.

25 ஆகஸ்ட்

இல்லை, இன்னொரு யோசனை. "அசலாக இருக்கணும்" என்பதை மறந்துவிட்டோம். ஏ.சி. மாட்டி, டிஸ்க் பிரேக் வைத்து, ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த கியர் கம்பியைத் தரைக்கு இறக்கின வண்டிகள்தான் நம்மூரில் பாதி. அவற்றைப் பரிசீலிக்கிற குழு முன் நிறுத்தினால் என்ன சொல்வார்கள்? தம்பியின் வண்டி 30 வருடம் சாளையில் தூங்கியதால் யாரும் கைவைக்கவில்லை. தூசிக்கு நன்றி சொல்.

9 செப்டம்பர்

அரசு அம்பாசடர் ஏலத்தில் எடுத்தவர் ஒருவர் படிவம் 32 பற்றிக் கேட்கிறார். ஏலத்தில் எடுத்தால் 30 நாளுக்குள் அந்தப் படிவத்தில் பெயர் மாற்றம், சரி. ஆனால் எந்த வருடம் எடுத்தீர்கள்? 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவே செல்லாது. பதிவு பெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் போகணும். அதற்குப் பின் எடுத்த வண்டி என்றால் உங்களிடம் இருப்பது கார் இல்லை, கார் வடிவத்தில் இரும்பு. யாராவது மறுபதிவு செய்துதருகிறேன் என்றால் ஜூலை 14 எழுதினதை மறுபடி படியுங்கள்.

28 செப்டம்பர்

புகைச் சான்று பற்றிப் பயப்படாதே. பழைய பெட்ரோல் காருக்கு அளவு தாராளம்: சும்மா நிற்கையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். கார்புரேட்டரைக் கழுவி, பிளக் பாயிண்ட் சரி பார்த்து, எஞ்சின் சூடான பிறகு போனால் என் பத்மினி 2.1-ல் தாண்டுகிறது. ரப்பர்க் குழாய்களை எல்லாம் மாற்றிவிடு. இப்போது பங்கில் வருகிறது 20 சதவீதம் எத்தனால். தாத்தா காலத்து ரப்பருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

யாரோ எம்.ஜி.ஆர். அம்பாசடர் எண் என்ன என்று கேட்டார்கள். டி.எம்.எக்ஸ். 4777. தி.நகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது. அதற்கு எஃப்.சி. கேட்க யாருக்குத் தைரியம் வரும்?

17 அக்டோபர்

தம்பியிடமிருந்து நல்ல செய்தி, அரைகுறையாக. மலேசிய அத்தையின் கடிதம் வந்துவிட்டது. பெரியப்பா மகன் கையெழுத்துப் போட்டான், தீபாவளிக்கு ஒரு நாள் வண்டி தனக்கு என்ற நிபந்தனையோடு. கோயமுத்தூரில் லெட்ஜர் கிடைத்தது, நகலுக்கு மனு போட்டாச்சு. புக்கில் இருக்கிற விவரத்தை கணினியில் ஏற்றணும், பேக்லாக் என்ட்ரி என்பார்கள்; அது ஏறாமல் ஆன்லைனில் எந்த விண்ணப்பமும் நகராது. "வண்டி விவரம் இல்லை" என்று திரை சொன்னால் வண்டியே இல்லை என்று பதறாதே. அந்தக் காலத்து வண்டிகள் யாராவது தட்டச்சு செய்தால்தான் அதற்குள் பிறக்கும். ஏற்றுகிறபோது பக்கத்தில் நில். தாத்தா பேரில் இனிஷியல் முன்னால் வந்ததா, நிறம், இருக்கை எண்ணிக்கை சரியா என்று பார். என் வண்டிக்கு ஏழு இருக்கை என்று ஏறிவிட்டது. திருத்த இரண்டு மாதம்.

பானெட் இன்னும் திறக்கவில்லையாம். நாலு மாதம்!

8 நவம்பர்

பானெட் திறந்தது. உள்ளே எலிக்கூடு, அதற்குள் 1993 தினத்தந்தித் துண்டு. பென்சில் பிரிண்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான்.

பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இலக்கம் எனக்கு 3 மாதிரிதான் தெரிகிறது. இடப்பக்கம் வளைவு மூடவில்லை. தம்பி 8 என்கிறான். தாளை அழுத்தித் தேய்த்திருக்கிறான், பெயிண்ட் அடைத்திருக்கிறது. மறுபடி மண்ணெண்ணெய் வைத்து ஊறவிடு. ராத்திரியில், டார்ச்சை நேராக அடிக்காமல் தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார். குத்தின பள்ளம் நிழல் போடும்.

9 நவம்பர், இரவு 11.15

இடப்பக்கமும் மூடியிருக்கிறது. 8. லெட்ஜர் நகலும் தபாலில் வந்துவிட்டதாம், அதிலும் 8. புக்கைக் கரையான் தின்றதுதான் 3 ஆக்கியிருக்கிறது.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகும்போது இரண்டு பிரிண்ட் கொண்டுபோ. ஒன்றைக் கட்டாயம் தொலைப்பார்கள்.

9 நவம்பர், 11.20

பட்டறைக்காரரிடம் இப்போது பேசலாம். பேசும் முன் அந்தத் தகட்டில் சுண்ணாம்புக்கட்டியால் "வெட்டாதே" என்று எழுதிவிடு. பெரிதாக.